திருவையாறும் ரெண்டு கட்சிகளும்: ஒரு விழாவின் வரலாறு, ஒரு பழைய நட்பின் கதை



வழக்கமா இங்கே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, காய்ச்சல்னுதான் எழுதுவேன். இன்னிக்கு ஒரு இசை விழாவோட வரலாறு. நடுநடுவே என் சொந்தக் கதையும் வரும். ரெண்டையும் பிரிச்சு எழுதிப் பார்த்தேன், முடியல. நீளமான பதிவுதான். ஒரு டீயோட உட்காருங்க.

போன ஜனவரியில் ஒரு ராத்திரி, கிளினிக் முடிச்சு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது. என் கூட எம்.பி.பி.எஸ். படித்த தோழி. இப்போது குழந்தைகள் நல மருத்துவர். கல்லூரியில் எந்தக் கலைவிழா என்றாலும் முதல் பாட்டு அவள் பாட்டுதான்.

"திருவையாறு ஆராதனையில இந்த வருஷம் பஞ்சரத்னம் பாட உட்காரப் போறேன்டா. முப்பது வருஷக் கனவு. நீ வரணும்" என்றாள்.

"கண்டிப்பா வர்றேன்" என்றேன்.

"அவனையும் கூப்பிட்டிருக்கேன். அவனும் வர்றேன்னுட்டான். தெரிஞ்சுக்கிட்டு வா" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. சோறு பிசைந்த கை அப்படியே காய்ந்துவிட்டது.

அந்த "அவன்" யார் என்று பிறகு சொல்கிறேன். முதலில் விழாவின் கதைக்கு வருவோம்.

தியாகராஜர் 1767-ல் திருவாரூரில் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவையாற்றில் கழித்தார். வீடு திருமஞ்சன வீதியில். தெருவில் பாடிக்கொண்டே போய், வீட்டுக்காரர்கள் போடும் அரிசியைச் செம்பில் வாங்கிக் குடும்பம் நடத்தினார். இதற்கு உஞ்சவிருத்தி என்று பெயர்.

1847 ஜனவரி 6-ம் தேதி காலமானார். அதற்குச் சற்று முன்புதான் துறவறம் வாங்கியிருந்தார். அதனால் காவிரிக் கரையில் சமாதி வைத்தார்கள். அன்று புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையில் ஐந்தாம் நாள். இன்றுவரை ஆராதனை அந்தத் திதியில்தான் நடக்கிறது.

மருத்துவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். ஈதர் கொடுத்து வலி தெரியாமல் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று பாஸ்டனில் ஊரறியச் செய்து காட்டியது 1846 அக்டோபரில். பிரசவம் பார்க்கும் முன் கையைக் கழுவுங்கள் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் சொன்னது 1847-ல். அந்தக் காலகட்டத்தில்தான் இங்கே காவிரிக் கரையில் இந்தச் சமாதி எழுந்தது.

சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது? வருடா வருடம் விழா எடுத்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்?

இல்லைங்க.

சீடர்கள் பல ஊர்க்காரர்கள். வாலாஜாப்பேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். குருவின் திதியை அவரவர் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். பாட்டு ஊர் ஊராகப் பரவியது. பாட்டுக்காரரின் சமாதியை மட்டும் கவனிக்க ஆளில்லை. செடி கொடி மண்டிப் போனது. இப்படியே ஐம்பது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது.

படிப்பு முடிந்து அவரவர் ஊருக்குப் போகும்போது நாமும் "வருஷா வருஷம் சந்திக்கணும்டா" என்று கட்டிப்பிடித்துச் சொல்லிவிட்டுத்தானே போனோம்? அதே கதைதான்.

1903-ஐ ஒட்டி, தியாகராஜரிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர்களில் எஞ்சியிருந்த இரண்டு பேர் திருவையாற்றுக்குப் போனார்கள். உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், உமையாள்புரம் சுந்தர பாகவதர். இருவருக்கும் நல்ல வயதாகிவிட்டது. சிறுவயதில் படித்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போயிருக்கிறார்கள்.

போய்ப் பார்த்தால் குருவின் சமாதி புதருக்குள் கிடக்கிறது.

அந்த இரண்டு முதியவர்களும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, சீர் செய்ய ஏற்பாடு பண்ணினார்கள். இனிமேல் திதியை இங்கேயே செய்வோம், இங்கேயே பாடுவோம் என்று முடிவெடுத்தார்கள்.

இன்று தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்கும் ஆராதனைக்கு விதை இதுதான். எந்த அரசரும் ஆணை போடவில்லை. ஒரே வாத்தியாரிடம் படித்த இரண்டு பேர் வயதான காலத்தில் ஒன்றாகக் கிளம்பிப் போன ஒரு பயணம், அவ்வளவுதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

அவனும் நானும் ஹாஸ்டலில் ஒரே அறை. படித்து முடித்து, ஒரு சின்ன ஊரில் இரண்டு பேரும் சேர்ந்து கிளினிக் போட்டோம். காலையில் அவன், மாலையில் நான். நாலு வருடம் நன்றாகப் போனது.

பிறகு ஸ்கேன் மெஷின் வாங்குவதில் சண்டை வந்தது. கடன் வாங்கியாவது போடலாம் என்றான் அவன். இப்போ வேண்டாம் என்றேன் நான். பேச்சு முற்றிக் கணக்கு நோட்டைத் திறக்கிற அளவுக்கு வந்தது. ஒரு தொகை இடித்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் இடித்தது.

ஒரு நண்பனின் கல்யாண வரவேற்பில், பத்துப் பேர் உட்கார்ந்திருந்த பந்தியில், "கணக்குல கை வெச்சுட்டான்" என்று நான் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். கிளினிக் பிரிந்தது. பேச்சு நின்றது. எங்கள் பேட்ச்சும் இரண்டாகப் பிரிந்தது. ஒரே பேட்ச்சுக்கு இரண்டு வாட்ஸ்அப் குழு. வருடத்துக்கு இரண்டு ரீயூனியன். மே மாதம் மலையில் ஒன்று, டிசம்பரில் கடற்கரையில் ஒன்று. அதுக்குப் போனவன் இதுக்கு வர மாட்டான். 14 வருடம்.

திருவையாற்றிலும் இதேதான் நடந்தது.

உமையாள்புரத்து முதியவர்கள் தொடங்கி வைத்ததைப் பெரிய விழாவாக்கியவர்கள் தில்லைஸ்தானம் சகோதரர்கள். நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர். தில்லைஸ்தானம் திருவையாற்றை ஒட்டிய ஊர். நரசிம்ம பாகவதர் சாதாரண ஆள் இல்லை. தியாகராஜரின் நூற்றுக்கணக்கான பாடல்களைத் திரட்டி, அவர் வரலாற்றோடு 1908-ல் புத்தகமாகப் போட்டவர்.

அண்ணன் தம்பி இருவருக்கும் குரு மேல் உயிர். ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சில வருடங்களிலேயே விழா இரண்டாக உடைந்தது.

ஒன்றுக்குப் பெரிய கட்சி என்று பெயர். இன்னொன்று சின்னக் கட்சி. அரசியல் இல்லைங்க, சங்கீதம்தான்! வித்வான்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். வயலின் மேதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை சின்னக் கட்சிக்குத் தூண். கதா காலட்சேபத்தில் புகழ்பெற்ற சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர் பெரிய கட்சியில்.

சமாதி ஒன்று, திதியும் ஒன்று. விழாவை எப்படி இரண்டாகப் பிரிப்பது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஒரு கட்சி பஞ்சமிக்கு ஐந்து நாள் முன்பே தொடங்கிப் பஞ்சமியன்று முடிக்கும். மறு கட்சி பஞ்சமியன்று தொடங்கி அதற்குப் பிறகு நாலு நாள் நடத்தும்.

படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. மே மாதம் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று நாங்கள் பிரித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

இந்த இரண்டு கட்சிகளும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன. பெண்களைப் பாட விடுவதில்லை.

இங்கேதான் கதைக்குள் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார்.

1878-ல் மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தேவதாசி மரபு. சென்னைக்கு வந்து பெரும் புகழும் பொருளும் சம்பாதித்த பாடகி. வெறும் பாடகி மட்டும் இல்லை. தஞ்சை மராட்டிய அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனமு' காவியத்தை 1910-ல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். முந்தைய பதிப்பில் வெட்டி எறியப்பட்ட பகுதிகளையும் சேர்த்தே போட்டார். ஒரு பெண் இப்படியெல்லாம் எழுதலாமா, அதை இன்னொரு பெண் அச்சுப் போடலாமா என்று கூச்சல் எழுந்தது. ஆங்கில அரசு புத்தகத்தைத் தடை செய்தது. அந்தத் தடை நீங்கியது பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான்.

1921-ல் நாகரத்தினம்மாளுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அவருடைய குரு, மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பா. விழாக்கள் நடந்தாலும் சமாதி இருக்கும் நிலைமை சரியில்லை, ஏதாவது செய்யணும் என்பது சாரம்.

கவனிங்க. அந்த நேரத்தில் அங்கே இரண்டு கட்சிகள் விழா நடத்திக்கொண்டிருந்தன. இரண்டு பந்தல், இரண்டு வரவு செலவு, இரண்டு சாப்பாடு. ஆனால் சமாதிக்கு ஒழுங்கான கட்டடம் இல்லை.

நாகரத்தினம்மாள் கிளம்பினார். இடத்துக்கு ஏற்பாடு செய்தார். 1921-லேயே அடிக்கல் நாட்டினார். சொந்தச் சம்பாத்தியத்தைக் கொட்டினார். தியாகராஜருக்குச் சிலை செய்வித்துக் கோயில் எழுப்பினார். 1925 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது.

இனி அவர் அங்கே பாடலாம் தானே? கட்டியதே அவர்தானே?

முடியாது என்றார்கள். பெண், அதிலும் தேவதாசி.

என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கோபித்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பியிருக்கலாம். கட்டியது என் காசு என்று பூட்டுப் போட்டிருக்கலாம். அவர் வேறொன்று செய்தார். தேவதாசிப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து, கோயிலுக்குப் பின்புறம் உட்கார்ந்து தனியாக ஆராதனை நடத்தினார். 1920-களின் பிற்பாதியில் தொடங்கியது அது. மூன்றாவது அணி. பெண்கள் கட்சி.

முன்னால் ஆண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து முறைத்துக்கொண்டிருக்க, பின்னால் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கோயிலைக் கட்டியவர் அந்தப் பின்பக்கத்தில்.

தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் காலை நாலரை மணிக்கு இறங்கினேன். நல்ல பனி. வெளியே டீக்கடையில் தோழி நின்றுகொண்டிருந்தாள். கூடவே எங்கள் பேட்ச்சின் மயக்க மருந்து நிபுணர். இரண்டு கட்சியிலும் சேராமல் தப்பித்த ஒரே ஆண் அவர்தான்.

கொஞ்சம் தள்ளி, தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு அவன். முடி முக்கால்வாசி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

காரில் ஏறினோம். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு அதிக தூரம் இல்லை, சுமார் 12 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாகக் கடந்து ஐந்தாவதாகக் காவிரிக்கு வர வேண்டும். ஐயாறு என்ற பெயருக்கு இந்த ஐந்து ஆறுகளைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

நாலு பாலம் வரை காரில் யாரும் பேசவில்லை.

நான்தான் மௌனத்தை உடைக்க, இந்தப் பெரிய கட்சி, சின்னக் கட்சிக் கதையைச் சொன்னேன். மயக்க மருந்து நண்பர் சிரித்துவிட்டார். "நம்ம பேட்ச் மாதிரியே இருக்கே!"

தோழி சிரிக்கவில்லை. "மூணாவது கட்சியை விட்டுட்டியே" என்றாள்.

"சொல்லிட்டுத்தான் இருக்கேன்..."

"அதைச் சொல்லல. நம்ம பேட்ச்சுல மூணாவது கட்சி. உங்க மே மாச ட்ரிப்புக்கும் எங்களைக் கூப்பிடல. அவங்க டிசம்பர் ட்ரிப்புக்கும் கூப்பிடல. ரெண்டு பேருமே 'பசங்க மட்டும்'னு போட்டீங்க. பேட்ச்சுல பொண்ணுங்க 31 பேருடா. ஒருத்தருக்காவது போன் பண்ணியிருக்கீங்களா?"

கார் காவிரிப் பாலத்தில் ஏறியது. நாங்கள் மூன்று ஆண்களும் வாயைத் திறக்கவில்லை. முன் சீட்டில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முதல்முறையாக அவனும் நானும் ஒரே கட்சியில் இருந்தோம், குற்றவாளிக் கட்சியில்.

நாகரத்தினம்மாள் எப்படிப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வந்தார் என்று இப்போது சொல்கிறேன்.

முப்பது வருடத்துக்கும் மேல் கட்சிகள் தனித்தனியாக நடந்தன. தொடங்கி வைத்தவர்கள் ஒவ்வொருவராகக் காலமானார்கள். சண்டை மட்டும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது. எதற்காகப் பிரிந்தோம் என்பதே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. சொத்துத் தகராறு வந்த குடும்பங்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். தாத்தாக்கள் போட்ட சண்டையால் பேரன்கள் பேசாமல் இருப்பார்கள்.

1940-ல் எஸ்.ஒய். கிருஷ்ணசுவாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்ற வித்வான்களின் துணையோடு எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். அவரே சங்கீதம் தெரிந்தவர். பெரிய கட்சி, சின்னக் கட்சி, பெண்கள் கட்சி மூன்றும் ஒன்றாயின. தியாகப்பிரம்ம மகோத்சவ சபை உருவானது. ஒரே விழா. பெண்களும் சந்நிதி முன்னால் பாடலாம்.

சேர்ந்தாயிற்று, சரி. யார் முதலில் பாடுவது? யாருக்கு எவ்வளவு நேரம்? இதில் ஆரம்பித்தால் மறுபடி உடைந்துவிடும்.

அதற்குக் கிடைத்த மருந்துதான் பஞ்சரத்னம்.

தியாகராஜரின் பாடல்களில் ஐந்தைப் பஞ்சரத்னம் என்பார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் ஐந்து பாடல்கள். முதல் பாடல் சம்ஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. இந்த ஐந்தையும் பெரியவர், சின்னவர், ஆண், பெண் என்ற பேதம் இல்லாமல் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் பாடுவது என்று வைத்தார்கள். ஒன்றுபட்ட விழாவில் 1941 வாக்கில் தொடங்கிய வழக்கம் இது.

நாம் இதை ஏதோ தியாகராஜர் காலத்திலிருந்தே வரும் பழக்கம் என்று நினைக்கிறோம். இல்லை. சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் மறுபடி சேர்ந்தபோது, மறுபடி பிரியாமல் இருக்கக் கண்டுபிடித்த ஏற்பாடு. அதுதான் இன்று விழாவின் உச்சக்கட்டம்.

இதில் இன்னொரு சுவாரஸ்யம், தோழி சொன்னது. நாலாவது பாட்டின் ராகம் வராளி. இந்த ராகத்தைக் குரு சீடனுக்கு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் இருவருக்கும் மனஸ்தாபம் வந்து பிரிந்துவிடுவார்கள் என்று சங்கீதக்காரர்களிடம் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. நேரில் சொல்லித்தர மாட்டார்கள், கேட்டுக் கேட்டுத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். உறவை முறிக்கும் என்று பயந்த அந்த ராகமும், உறவைச் சேர்க்கப் பாடும் ஐந்தில் ஒன்று.

படித்துறையில் இறங்கும்போது கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28 வரை திறந்து வைத்திருப்பார்கள். அதனால் காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தோழியும் மயக்க மருந்து நண்பரும் சமாதிப் பக்கம் போய்விட்டார்கள். வேண்டுமென்றே போனார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

குளிக்கலாம் என்று அவன் சட்டையைக் கழற்றினான்.

கழுத்துக்குக் கீழிருந்து நெஞ்சுக்குழி வரை நேர்கோடாகத் தழும்பு. பைபாஸ் அறுவை சிகிச்சையின் தழும்பு. இடது காலில் ரத்தக்குழாய் எடுத்த தழும்பும் இருந்தது.

எனக்கு அது புதுச் செய்தி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே காதுக்கு வந்தது. பக்கத்து ஊர்தான், பஸ்ஸில் ஒரு மணி நேரம். நான் போகவில்லை. தெரிந்த மாதிரிகூடக் காட்டிக்கொள்ளவில்லை. தினமும் நூறு பேரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கிறவன், இவன் நெஞ்சைத் திறந்தபோது போய் நிற்கவில்லை.

"எத்தனை கிராஃப்ட்?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"மூணு."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன் டாக்டரே."

அந்த "டாக்டரே"யில் இருந்த கேலி, பழைய கேலிதான். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் வீடு மாற்றும்போது பழைய பெட்டியில் அந்தக் கணக்கு நோட்டு கிடைத்தது. புரட்டினேன். இடித்த தொகை அதில் இருந்தது. எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்த முன்பணம். மாசக் கணக்கில் ஏற்றாமல், நோட்டின் பின்பக்க அட்டையில், என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தேன். அவன் எதிலும் கை வைக்கவில்லை. நான்தான் ஏற்ற மறந்திருந்தேன்.

எட்டு வருடம் அந்த நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

சொல்லி முடித்தேன். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"தெரியும்டா" என்றான். "எலக்ட்ரீஷியன் அப்பவே எங்கிட்ட சொல்லிட்டான்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல? பத்துப் பேர் முன்னால உன்னைத் திருடன்னு சொன்னேனே!"

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். மொதல்ல கோவம். அப்புறம் வீம்பு. அப்புறம் பழகிப்போச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "ஆபரேஷன் அன்னிக்கு மட்டும் நீ வருவேன்னு நெனச்சேன்" என்றான்.

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினோம். ஜனவரிக் காவிரி, எலும்பு வரை குளிர்ந்தது.

காலையில் திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் பாடிக்கொண்டே சமாதிக்கு வந்தது. ஒன்பது மணிக்குப் பஞ்சரத்னம். சந்நிதிக்கு முன்னால் நடுவில் வழி விட்டு, இரண்டு பக்கமும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். தொலைக்காட்சியில் முகம் தெரிந்த வித்வான்கள் முன்வரிசையில். பின்னால் பள்ளிக்கூட ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், பாட்டு கற்கும் பிள்ளைகள், கையில் பாட்டுப் புத்தகத்தோடு பாட்டிகள். பெண்கள் பக்கத்தில் ஆறாவது வரிசையில் எங்கள் தோழி.

நாட்டை தொடங்கியது. நூற்றுக்கணக்கான குரல். சில இடங்களில் சுருதி சேரவில்லை. ஒரு குருவின் மாணவர்கள் ஒரு மாதிரி, இன்னொரு குருவின் மாணவர்கள் இன்னொரு மாதிரி பாடுவார்கள். அந்த வேறுபாடு நடுநடுவே காதில் கேட்டது. யாரும் நிறுத்தவில்லை. யாரும் யாரையும் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை. அடுத்த அடியில் எல்லாரும் மறுபடி சேர்ந்துகொண்டார்கள்.

வராளி வந்தபோது அவன் என்னை முழங்கையால் இடித்தான். "இதுதானே அந்தச் சண்டை மூட்டுற ராகம்?"

"ஆமா."

"நல்லாத்தானே இருக்கு."

பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்தது. தோழி வந்தாள். முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் தண்ணீர். எங்களை நேராகக் கூட்டிக்கொண்டு போனது நாகரத்தினம்மாளின் நினைவிடத்துக்கு.

1952 மே 19-ம் தேதி காலமானார் அவர். கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே நினைவிடம் எழுப்பினார்கள். கைகூப்பி உட்கார்ந்த நிலையில், சந்நிதியைப் பார்த்தபடி சிலை. பின்பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டவர் இன்று நேர் எதிரில் இருக்கிறார். சந்நிதி முன்னால் பாட வருகிறவர்கள் எல்லாரையும் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தோழி கொஞ்சம் பூ வைத்துக் கும்பிட்டாள். நாங்களும் கும்பிட்டோம்.

எலும்பு முறிந்து வருகிறவர்களிடம் எலும்பு மருத்துவர்கள் ஒன்று சொல்வார்கள். மாவுக்கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. உடைந்த இரண்டு முனையையும் நேராகப் பக்கத்தில் வைத்து, ஆடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒட்டுவது எலும்பின் வேலை. அந்த அதிகாரி 1940-ல் செய்தது அதுதான். எங்கள் தோழி செய்ததும் அதுதான்.

தாமதமாக ஒட்டியதற்கு விலையும் உண்டு. தில்லைஸ்தானம் சகோதரர்கள் ஒன்றுபட்ட விழாவைப் பார்க்கவே இல்லை. எனக்கும் அந்த 14 வருடம் திரும்பி வராது. அவன் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் நிற்காத அந்த நாள் திரும்பி வராது.

திரும்பும் வழியில் திருவையாற்றுக் கடைத்தெருவில் அசோகா வாங்கினோம். பாசிப்பருப்பில் நெய் சொட்டச் சொட்டக் கிண்டும் அல்வா. அவன் இலையில் கை வைத்ததும் நான் பாதியைப் பிடுங்கிக்கொண்டேன். "மூணு கிராஃப்ட் போட்டவனுக்கு இவ்வளவு நெய் ஆகாது."

"14 வருஷம் அட்வைஸ் இல்லாம நிம்மதியா இருந்தேன்டா" என்றான்.

காரிலேயே தோழி போனை எடுத்துப் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். முதலில் அந்த 31 பெண்களைச் சேர்த்தாள். அப்புறம்தான் எங்களை. குழுவின் பெயர் "மூணாவது கட்சி". அடுத்த ரீயூனியனுக்குத் தேதி வைக்கிறது அவர்கள் பொறுப்பு, வந்து நிற்கிறது எங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள்.

இதை எழுதும் முன் அவனிடம் கேட்டேன். "எல்லாத்தையும் எழுதட்டுமா? அந்த நோட்டையும்?"

"அதைத்தான் முக்கியமா எழுது. பந்தியில பத்துப் பேர் முன்னால சொன்னே இல்ல? இப்போ ஊர் முன்னால சொல்லு" என்றான்.

சொல்லிவிட்டேன். என் நண்பன் ஒரு காசுகூட எடுக்கவில்லை. தப்பு என்னுடையது.

உங்களுக்கும் இப்படி ஒரு நோட்டு பீரோவில் பூட்டிக் கிடக்கலாம். பேசாமல் விட்ட ஒரு நண்பர் பக்கத்து ஊரிலேயே இருக்கலாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு போய்ப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். சில பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்கே நேரம் இருப்பதில்லை. இதை ஒரு மருத்துவனாகவும் சொல்கிறேன், தாமதமாகப் போனவனாகவும் சொல்கிறேன்.

இன்று ராத்திரி ஒரு போன் போடுங்க.